பெர்னதெத் வீட்டு நாற்காலிகள்

காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவில் பெர்னதெத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. அவளைப் பார்க்க வேண்டுமென்று அவள் வீட்டுப் படியேறுகிறவர்களும் கிடையாது. ஒரு கான்வென்ட் பள்ளி ஆபீசில் காலமெல்லாம் டைப் அடித்து ரிட்டையர் ஆனவள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மணி அடிப்பதற்கு முன்பே கோயிலில் இருப்பாள். எதிரில் யாராவது வந்தால் சிரிப்பாள். "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டால் "இருக்கேன்" என்பாள். அவ்வளவுதான். அதற்கு மேல் பேச்சை வளர்க்க அவளுக்கு வராது. வளர்த்ததெல்லாம் அக்கா பிரிஸில்லாதான்.

பிரிஸில்லா நர்ஸாக இருந்தவள். அவள் உயிரோடு இருந்தவரை அந்த வீட்டு கேட் சாத்திக் கிடந்ததே இல்லை. பிரஷர் பார்க்க ஒருத்தர், ஊசி போட்டுக்கொள்ள ஒருத்தர், மருமகளைப் பற்றி மூக்கைச் சிந்த ஒருத்தர் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். அக்கா, தங்கை இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் பிரிஸில்லா, "எனக்கு வந்தவனை இவளுக்குப் பிடிக்கல, இவளுக்கு வந்தவனை எனக்குப் பிடிக்கல" என்று சொல்லிச் சிரித்துவிடுவாள். போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து, அந்தச் சிரிப்பு போய்ச் சேர்ந்தது. முப்பதாம் நாள் பூசை வரைக்கும் ஜனம் வந்தது. அதற்கப்புறம் ஈ காக்கா வரவில்லை.

பெர்னதெத் இதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தாள் பாருங்கள். ஹால் சின்னது! அட, உண்மையாகவே அப்படித்தான் நம்பினாள். வந்தவர்கள் எல்லாம் அக்காவுக்காக வந்தவர்கள் என்று ஒப்புக்கொள்வதைவிட, உட்கார இடமில்லாததால் வரவில்லை என்று நம்புவது சுலபமாக இருந்தது. யாரைத்தான் குறை சொல்வது?

அவள் அப்படி நம்புவதற்கு ஒரு முகாந்திரமும் இருந்தது. அக்டோபர் ஜெபமாலை மாதம். அந்தப் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாதம் முழுக்க மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். சாயங்காலம் முந்தின நாள் வீட்டிலிருந்து மெழுகுவர்த்தி ஏற்றிப் பாடிக்கொண்டே எடுத்து வந்து அன்றைய வீட்டில் வைப்பார்கள். ஜெபமாலை சொல்லி முடித்து, சுண்டலோ கேக்கோ சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கலைந்துவிடுவார்கள். மாதா மட்டும் அந்த வீட்டில் தங்குவாள். போன அக்டோபரில் இவர்கள் வீட்டுக்கு மாதா வந்த அன்றைக்குப் பிடித்துக்கொண்டது மழை. ஹாலில் கொஞ்சம் பேர் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். மீதிப் பேர் வராந்தாவில் சாரலில் நனைந்து, ஜெபமாலையின் ஐந்து பத்து மணிகளில் மூன்றாவது பத்து முடிவதற்குள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அன்றைக்குப் பிரிஸில்லா சொன்னாள்: "அடுத்த வருஷம் என் ரூம் சுவரை உடைச்சிடுவோம்டி. ஊரே வந்து உக்காரட்டும்."

அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். பெர்னதெத் அதையே பிடித்துக்கொண்டாள்.

ஜூலையில் உத்தமன் மேஸ்திரி வந்தார். ஈஜிபுராவில் குடியிருப்பவர், சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம். சுவரைத் தட்டிப் பார்த்தார். அக்காவின் கட்டில், அலமாரி, ஆணியில் தொங்கிய காலண்டர் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அம்மா, ஒரு தபா சுவர் போச்சுன்னா ரூமும் போச்சு. யோசிச்சுக்கினீங்களா?"

"யோசிச்சாச்சு."

"இன்னொரு தபா கேக்குறேன்னு கோச்சுக்காதீங்க. இந்த ரூமை அப்படியே வுட்டுட்டு, முன்னால வராண்டாவை இழுத்துக்கலாமே?"

"வேண்டாம் மேஸ்திரி. ஒடைங்க."

இரண்டு தடவை கேட்டார் அந்த மனுஷன். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சம்மட்டி அடி விழுந்தபோது பெர்னதெத் சமையலறையில் போய் நின்றுகொண்டாள். அந்தச் சுவர் கனமானது என்று அவள் நினைத்திருந்தாள். அதன் வழியாகத்தான் அக்காவும் தங்கையும் படுத்துக்கொண்டே பேசுவார்கள். இந்தப் பக்கம் ஹாலில் தங்கையின் கட்டில், அந்தப் பக்கம் ரூமில் அக்காவின் கட்டில், நடுவில் சுவர். "கேஸை மூடினியா?" "மூடிட்டேன்." "நாளைக்கு இட்லியா?" "ம்." இப்படியே பேச்சு தேய்ந்து தூங்கிப்போவார்கள். அது மத்தியானத்துக்குள் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கீழே கிடந்தது. அக்கா பக்கத்துச் செங்கல்லில் வெளிர்நீலப் பெயின்ட் ஒட்டியிருந்தது. சித்தாள் வேதநாயகி அதைச் சாக்கில் அள்ளிப் போடும்போது பெர்னதெத்துக்கு "இரும்மா" என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தி என்ன செய்வது? அந்த நீலத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? பேசாமல் எல்லோருக்கும் காபி போட்டாள்.

அதற்கப்புறம் அந்த வீடு பட்ட பாடு இருக்கிறதே! ஃபிரிட்ஜ் ஹால் நடுவில் பெட்ஷீட் போர்த்திக்கொண்டு நின்றது. அடுப்பு பின்கட்டுக்குப் போனது. சமையலறைத் தரையையும் சேர்த்துப் பெயர்த்துவிடலாம் என்று உத்தமன் சொன்னதற்குத் தலையாட்டியதன் பலன் அது. கிரானைட் அறுக்கிற சத்தத்தில் பக்கத்துத் தெரு நாய்கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டது. தூசியோ, கேட்கவே வேண்டாம். அரிசியில் தூசி, ஜெபப் புத்தகத்தில் தூசி, பல் தேய்க்கும் பிரஷ்ஷில் தூசி. இரண்டு வேளை பிரெட்டும் வாழைப்பழமும் தின்று, துணிமணியை டிரங்குப் பெட்டியில் போட்டு, பிளாஸ்டிக் ஷீட்டுக்குக் கீழே படுத்து எழுந்தாள் பெர்னதெத்.

வேடிக்கை என்னவென்றால், அவளுக்கு அது பிடித்திருந்தது. காலையில் யாராவது கேட்டைத் திறக்கிற சத்தம் வரும். "அம்மா, தண்ணி புடிச்சு வெச்சீங்களா?" என்று ஒரு குரல் கேட்கும். வேதநாயகி செல்போனில் ஊருக்குப் பேசி யாரையோ திட்டுவாள். ஞாயிற்றுக்கிழமைதான் திண்டாட்டம். பூசை முடிந்து வந்தால் சாயங்காலம் வரைக்கும் அந்தப் பெரிய ஹாலும் அவளும்தான். சுவர் இல்லாத இடத்தில் தன் இருமல்கூட வேறு மாதிரி ஒலித்தது. திங்கட்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்தாள். பள்ளி ஆபீசில் வேலை பார்த்த காலத்தில்கூட அவள் திங்கட்கிழமைக்கு அப்படி ஏங்கியதில்லை.

ஆகஸ்டில் முடித்துத் தருகிறேன் என்ற உத்தமன் செப்டம்பர் என்றார். ஊரில் மச்சினன் கல்யாணம் என்று ஒரு வாரம் காணாமல் போனார். வந்தவர், மேலே தளத்தின் பாரம் இறங்குகிறது, பீம் போட்டே ஆகவேண்டும் என்றார். பீம் போட்டதும் மழை பிடித்துக்கொண்டது. சுவர் இருந்த இடத்தில் வரிசையாகச் சவுக்குக் கம்புகளை முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். "இத்த இப்ப எடுக்கக் கூடாதும்மா. பீம் நல்லா எறுகணும்." அக்டோபர் பிறந்தபோது பெர்னதெத்தின் புது ஹால் நடுவே ஒரு சவுக்குத் தோப்பு நின்றது.

அந்த வாரத்தில்தான் ராகேஷ் வந்தான். அன்பியத்துக்குப் புதுப் பொறுப்பாளன். ஐ.டி. கம்பெனிப் பையன், நல்ல பையன், கடிகாரத்தோடு கல்யாணம் ஆனவன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தான்.

"ஐயோ ஆன்ட்டி, வேலை நடக்குதா? மாதா உங்க வீட்டுக்கு அடுத்த புதன்கிழமை வரணும். உங்களுக்குக் கஷ்டமா இருக்குமே?"

இப்போது பெர்னதெத் வளர்ந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்து அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவர்கள் இரண்டாவது தடவை கேட்டால்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்டவுடனே கையை நீட்டினால், 'காணாததைக் கண்ட மாதிரி அலையுது பார்' என்று அம்மா தொடையில் கிள்ளுவாள். பிரிஸில்லா நர்ஸ் வேலைக்குப் போன முதல் வருஷத்திலேயே அந்தப் பாடத்தைத் துடைத்துப் போட்டுவிட்டாள். பெர்னதெத்துக்கு அது எலும்பில் ஏறிவிட்டது. அதனால் பிரிஸில்லா யார் வீட்டுக்குப் போனாலும் முதலிலேயே சொல்லிவிடுவாள்: "இவளை ரெண்டு தரம் கேளுங்க. முதல் தரம் வேண்டாம்னுதான் சொல்லுவா, நம்பாதீங்க." உலகத்தில் பெர்னதெத்தை இரண்டு தரம் கேட்க ஓர் ஆள் இருந்தது. அந்த ஆள் இப்போது கல்லறைத் தோட்டத்தில் படுத்திருக்கிறது.

ஆக, ராகேஷ் கேட்டதும் அவள் வாயில் என்ன வரும்? அதேதான் வந்தது.

"கஷ்டம்தான்பா. பாரு, எப்படிக் கிடக்குதுன்னு. இந்த வருஷம் வேண்டாமே."

சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். 'பரவாயில்ல ஆன்ட்டி, தூசி இருந்தா என்ன, நாங்க வர்றோம்' என்று அவன் சொல்ல வேண்டும். 'சரி, இவ்வளவு சொல்றீங்க' என்று இவள் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கான சிரிப்பைக்கூட உதட்டோரத்தில் தயாராக வைத்திருந்தாள்.

"ஓகே ஆன்ட்டி, நோ பிராப்ளம்! உங்களை டிஸ்டர்ப் பண்ண வேண்டாம். அன்னைக்குப் புதுசா குடிவந்த நீல் வீட்ல வெச்சுக்கறேன்." செல்போனில் எதையோ தட்டினான். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

பெர்னதெத் அந்த இடத்திலேயே நின்றாள். அடப்பாவி, ஒரு வார்த்தை! இன்னும் ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்திருப்பான்? அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அக்கா படுத்திருந்த அறையை உடைத்தது எதற்காக? அந்த நீலச் செங்கல்லைச் சாக்கில் அள்ளிக் கொடுத்தது எதற்காக? போன் போட்டு, 'ராகேஷ், எங்க வீட்டுக்கே வரட்டும்' என்று சொல்லிவிடலாம். எண் இருந்தது. போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள். எடுத்தாள், வைத்தாள். தானே போய்க் கேட்பதா? அம்மா கிள்ளிய இடம் இன்னும் வலித்தது.

ஆனாலும் மனசு விடவில்லை. புதன்கிழமை எப்படியும் இந்தத் தெரு வழியாகத்தான் நீல் வீட்டுக்குப் போக வேண்டும். மாதாவைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வாசலை நிற்காமலா தாண்டிவிடுவார்கள்? 'ஆன்ட்டி, ஒரு அஞ்சு நிமிஷம் உள்ளே வரட்டுமா' என்று யாராவது கேட்க மாட்டார்களா? அது இரண்டாவது தரம் கேட்ட கணக்கில் சேர்ந்துவிடும். அப்போது சரி என்று சொல்லலாம்.

இந்த நப்பாசையில் அவள் செய்த காரியத்தைக் கேளுங்கள். ஷாமியானா கடைக்குப் போய்ப் பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்குச் சொன்னாள். புதன்கிழமை மத்தியானம் ஒரு கூட்ஸ் ஆட்டோவில் நாற்காலிகள் அடுக்கடுக்காக வந்து இறங்கின. உத்தமன் விழித்தார்.

"இன்னாம்மா, விசேஷமா?"

"சும்மாதான் மேஸ்திரி. அந்த மணலைக் கொஞ்சம் ஓரமாத் தள்ளித் தர்றீங்களா?"

மனுஷன் மண்வெட்டியை எடுத்தார். மணலைத் தள்ளினார். சிமென்ட் மூட்டையைத் தார்ப்பாயால் மூடினார். வேதநாயகி ஹாலை இரண்டு முறை பெருக்கி, தண்ணீர் தெளித்துத் தூசியை அமுக்கினாள். அவர்கள் கிளம்பிப் போனதும் பெர்னதெத் அக்காவின் மேஜையை ஜன்னல் ஓரமாகப் போட்டு வெள்ளைத் துணி விரித்தாள். இரண்டு மெழுகுவர்த்தி வைத்தாள். மார்க்கெட்டில் வாங்கி வந்த மஞ்சள் செவ்வந்திச் சரத்தை என்ன செய்வது என்று யோசித்துவிட்டு, அந்தச் சவுக்குக் கம்புகளில் ஒவ்வொன்றாகச் சுற்றிக் கட்டினாள். முட்டுக் கம்புதான், இருக்கட்டுமே. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள். குக்கரில் கொண்டைக்கடலை வெந்துகொண்டிருந்தது.

ஏழு மணிக்குப் பாட்டுச் சத்தம் தெரு முனையில் கேட்டது. பெர்னதெத் புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு கேட்டில் வந்து நின்றாள். மெழுகுவர்த்திகள் வந்தன. நடுவில் ராகேஷின் கையில் மாதா. வாசலுக்கு நேரே வந்ததும் ஒருத்தி கையை ஆட்டினாள். "ஆன்ட்டி, வாங்க, சேர்ந்துக்குங்க!"

உள்ளே வாங்க. இரண்டே வார்த்தை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடி, தொடையைத் தடவிக்கொண்டாள். மாதா வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். ராகேஷ் திரும்பிப் பார்த்துச் சிரித்தான், தலையை ஆட்டினான், நடந்தான். யாரோ ஒரு மெழுகுவர்த்தியை அவள் கையில் திணித்தார்கள். பெர்னதெத் கேட்டைச் சாத்திவிட்டு ஊர்வலத்தின் வாலில் சேர்ந்துகொண்டாள். பாட்டு பாட வரவில்லை. உதட்டை மட்டும் அசைத்தாள்.

நீல் வீடு ஒரு அபார்ட்மென்டின் முதல் மாடியில் இருந்தது. கல்யாணமாகி வந்த புதுக் குடித்தனம், ஹாலில் ஒரு சோபாவைத் தவிர எதுவும் இல்லை. இந்த வருஷமே தங்களுக்கு முறை வரும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை, பாவம். வயதானவர்கள் நாலைந்து பேர் முட்டியைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். கூட்டம் படிக்கட்டு வரைக்கும் நின்றது. நீல் கையைப் பிசைந்தான். "ராகேஷ், கீழ்வீட்ல சேர் இருக்கும், கேட்டுப் பாக்கட்டா?"

"எங்க வீட்ல இருக்கு" என்றாள் பெர்னதெத்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கூட்டத்தில் தானாக வாயைத் திறந்து பேசியதே அதிசயம். "நிறைய இருக்கு. வந்து எடுத்துக்குங்க."

ராகேஷ்தான் முன்னால் வந்தான். மற்றவர்கள் பின்னால் வருவதாகச் சொன்னார்கள். அவள் கேட்டைத் திறந்து லைட்டைப் போட்டாள். உள்ளே காலை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். பூச் சுற்றிய கம்புகளைப் பார்த்தான். மேஜையைப் பார்த்தான். வெள்ளைத் துணிக்கு நடுவில் காலியாக விட்டிருந்த இடத்தைப் பார்த்தான். வரிசை வரிசையான நாற்காலிகளைப் பார்த்தான். வெந்த கடலை வாசனை பின்கட்டிலிருந்து வந்தது.

"ஆன்ட்டி... சொல்லியிருக்கலாமே."

"நீ இன்னொரு தரம் கேட்டிருக்கலாமே."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது, தான் அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டோம் என்று. கண்ணில் நீர் வந்துவிட்டது. மறைக்க வேண்டுமென்றுகூடத் தோன்றவில்லை. "எங்கக்கா ரூமை உடைச்சேன்பா. நீங்கல்லாம் வந்து உக்காருவீங்கன்னு."

ராகேஷ் தலையைத் தடவிக்கொண்டான். நாளைக்கு வேறு வீட்டில் முறை, அவர்கள் சொந்தக்காரர்களை எல்லாம் அழைத்திருந்தார்கள். மாதக் கடைசி வரைக்கும் அப்படித்தான். கடைசி நாள் மாதா கோயிலுக்குத் திரும்பிவிடுவாள். வாக்குக் கொடுக்க அவன் கையில் ஒரு நாளும் இல்லை. அது அவளுக்கும் தெரியும். படியில் மற்றவர்கள் வருகிற சத்தம் கேட்டது.

"சேரை எடு. பெரியவங்க நிக்கிறாங்க" என்றாள்.

ஆளுக்கு நாலாகத் தூக்கிப் போனார்கள். "ஏன் ஆன்ட்டி இவ்ளோ சேர்?" என்று ஒருத்தி கேட்டாள். "வீட்டு வேலைக்குத்தான்" என்றாள் பெர்னதெத். ராகேஷ் ஒரு அடுக்கைத் தோளில் ஏற்றினான். கடைசி நாற்காலியும் போனதும் ஹாலில் செவ்வந்தி சுற்றிய கம்புகள் மட்டும் நின்றன. அவள் கடலையைத் தாளித்து, பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு லைட்டை அணைத்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது நீல் வீட்டில் ஜெபமாலை தொடங்கியிருந்தது. பெரியவர், சின்னவர், குழந்தை குட்டி எல்லோரும் அவள் கொண்டுவரச் சொன்ன நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கதவுப் பக்கத்தில் நின்றுகொண்டாள். நீலின் மனைவி பாத்திரத்தை வாங்கி வைத்துவிட்டு வந்து, தன் நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க ஆன்ட்டி" என்றாள்.

"வேண்டாம்மா, பரவாயில்ல. நீ உக்காரு."

அந்தப் பெண் சரி என்று உட்கார்ந்துவிட்டாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

முதல் பத்து முடிந்தது. இரண்டாவது பத்துத் தொடங்கும்போது மாதாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராகேஷ் எழுந்தான். தன் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, முழங்கால்களுக்கு நடுவே வழி பிடித்து, கதவு வரைக்கும் வந்தான். அவள் பக்கத்தில் வைத்தான்.

"உக்காருங்க ஆன்ட்டி."

"வேண்டாம்பா. நான் நிக்கிறேன்."

அவன் நகரவில்லை. கையை நாற்காலி முதுகிலிருந்து எடுக்கவும் இல்லை. குனிந்து, அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி இன்னொரு தரம் சொன்னான்.

"உக்காருங்க."

நாற்காலியில் அவள் வீட்டுச் சிமென்ட் தூசி படிந்திருந்தது. பெர்னதெத் அதைத் துடைக்காமலே உட்கார்ந்தாள்.